எண்ணமும் செயலும்: காசநோய்ச் சிகிச்சை தரும் பாடம்

சுகாதாரப் பணியிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டோர் யாவரும் அறிந்த நிலை ஒன்றுண்டு. கூட்டத்தில் கூறப்படும் அறிவுரையை மக்கள் பொறுமையுடன் கேட்கின்றனர். அது சரியென்று ஒப்புகின்றனர். அவ்வாறே செய்வதாக வாக்கும் அளிக்கின்றனர். ஒரு மாதம் கழித்துச் சென்று பார்த்தால், வாக்களித்தவருள் பலர் அதனைச் செய்திருப்பதில்லை. இதனைக் காணும் பணியாளர் வழக்கமாக இரு முடிவுகளுள் ஒன்றுக்கு வருகின்றார். மக்களுக்கு விஷயம் விளங்கவில்லை என்பது ஒன்று. அவர்கள் வாயளவில் மட்டுமே ஒப்புக்கொண்டனர் என்பது மற்றொன்று. முதல் முடிவுக்கு வந்தவர் அதே அறிவுரையை மீண்டும் உரக்கக் கூறுகின்றார். இரண்டாம் முடிவுக்கு வந்தவர் கடிந்துகொள்கின்றார். இரண்டினாலும் பயன் விளைவது அரிது.

விஷயம் விளங்கியிருந்தும், விருப்பம் மெய்யாகவே இருந்தும், செயல் நிகழாமற் போகலாம் என்பதை ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டியுள்ளன. எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையேயுள்ள இவ்விடைவெளி எவ்வாறு தோன்றுகின்றது, அதனைக் குறைக்கப் பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை யாவை என்பன இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாகக் காசநோய்ச் சிகிச்சை கொள்ளப்பட்டுள்ளது. உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் இந்தியர். பல மாதங்கள் நாள் தவறாமல் செய்யவேண்டிய செயலுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. மேலும், இவ்விடைவெளியைப் பற்றி உலகிற்கு வழிகாட்டிய ஆராய்ச்சிகளுட் சில சென்னையிலும், கருநாடகத்துத் தும்கூர் மாவட்டத்திலும் நடைபெற்றவை.

பங்காருபேட்டையில் ஒரு நோயாளி

பங்காருபேட்டை, சென்னை–பெங்களூர் இருப்புப்பாதையில் அமைந்த சந்திப்பு நிலையம். மைசூரின் கமிஷனராக இருந்த பௌரிங் என்பாரின் பெயரால் முன்பு பௌரிங்பேட்டை என வழங்கியது. கோலார் தங்கவயலுக்குச் செல்லும் கிளைப்பாதை இங்கிருந்தே பிரிந்து மாரிக்குப்பம் வரை செல்கின்றது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் பெருந்தொகையினர் நாள்தோறும் ரயிலேறி, பங்காருபேட்டையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

சுரங்கத் தொழிலின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. பாறையைத் துளையிடுங்கால் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகின்றது. கோலார்ச் சுரங்கத் தொழிலாளரிடையே நடத்தப்பெற்று 1947ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட 7,600க்கும் மேற்பட்டோரில் ஐவருக்கு இருவருக்கும் அதிகமானோரிடம் இந்நோய் காணப்பட்டது. சிலிக்கோசிஸ் உற்ற நுரையீரல் காசநோய்க் கிருமிக்கு எளிதில் இடங்கொடுக்கும். ஆதலின் இப்பகுதியிற் பணியாற்றுவோர் முதிய சுரங்கத் தொழிலாளரின் நீடித்த இருமலை அசட்டை செய்தல் ஆகாது.

இங்கு வாழும் நாற்பது வயதுள்ள கட்டட வேலைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். இவர் தனி மனிதர் எவரையும் குறிப்பவரல்லர். பணியாளர் பலரும் சந்திக்கும் நிலையை விளக்கக் கற்பிக்கப்பட்டவர். சளிப் பரிசோதனையில் இவருக்குக் காசநோய் உறுதியாயிற்று. மருந்து இலவசமாகக் கிடைத்தது. ஆறு மாதங்கள் உண்ணவேண்டும் என்பதை அவர் நன்கு கேட்டறிந்தார். வீட்டிற் சிறு குழந்தைகள் இருப்பதால், நோயை முற்றிலும் போக்கிக்கொள்ள வேண்டும் என்ற உறுதியும் அவருக்கு இருந்தது.

முதல் சில வாரங்கள் மருந்து தவறவில்லை. இருமல் குறைந்தது, காய்ச்சல் நின்றது, பசி திரும்பியது. அவர் மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கினார். விடியற்காலை ரயிலைப் பிடிக்க இருட்டிலேயே எழவேண்டும். அவ்வேளையில் மாத்திரை உண்டால் ரயிலிற் குமட்டல் எடுக்கின்றது. எனவே, வேலையிடத்திற் சிற்றுண்டிக்குப் பின் உண்ணலாம் என்று மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கின்றார். உடன் வேலை செய்வோர் என்ன மருந்தென்று கேட்பர் என்ற கூச்சத்தால் சில நாட்கள் அதனை எடுப்பதில்லை. வீடு திரும்பும்போது இரவு நெடுநேரமாகி விடுகின்றது. பின்னர் ஆம்பூரில் உறவினர் வீட்டுத் திருமணம். மாத்திரை அட்டை வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. இரண்டு வாரங்கள் இவ்வாறு கழிந்தபின் ஆஸ்பத்திரிக்குச் செல்லவே அவருக்குத் தயக்கம் உண்டாகின்றது. ஏன் விட்டீர் என்று கேட்டால் விடை கூற இயலாதே என்ற வெட்கமே அத்தயக்கத்திற்குக் காரணம்.

மருந்தை நிறுத்துவது என்று அவர் எந்த நாளிலும் தீர்மானிக்கவில்லை என்பதை இங்குக் கவனித்தல் வேண்டும். அவருடைய எண்ணம் முதல் நாளிருந்தவாறே இருக்கின்றது. ஒவ்வொரு நாளும் தனித்தனியே சிறு காரணங்களால் நழுவியது. நழுவிய நாட்கள் சேர்ந்து இரண்டு வாரங்களாயின.

இதன் விளைவு சிறியதன்று. இக்காலச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்களுக்குப் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் வழங்கப்படுகின்றன. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் மடிவதால் நோய்க்குறிகள் விரைவில் அடங்குகின்றன. மெதுவாக வளர்வனவும் உறங்குவன போலக் கிடப்பனவும் மேலும் பல மாதங்கள் தாக்கப்பட்டாலன்றி அழிவதில்லை. சிகிச்சை அரைகுறையாக நின்றால் அவை மீண்டும் பெருகும். அவற்றுள் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மேலோங்கவும் கூடும். அத்தகைய நோய் வீட்டாருக்கும் பரவக்கூடும். அதனைத் தீர்ப்பது மிகவும் கடினம். ஆக, உடலின் துன்பம் நீங்கும் காலமும் நோய் நீங்கும் காலமும் வெவ்வேறு. துன்பம் இருந்தவரை அதுவே நோயாளிக்கு மருந்தை நினைவூட்டியது. அது நீங்கியபின் நினைவூட்டுவதற்கு வேறொன்று வேண்டும்.

சென்னையில் கண்ட உண்மை

காசநோயாளர் சானடோரியத்திற் படுத்திருந்தால்தான் குணமடைவர் என்ற கருத்து 1950களில் எங்கும் நிலவியது. இந்திய நாட்டிலோ நோயாளர் பல லட்சம்; படுக்கைகள் மிகச் சில. இந்நிலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. அதுவே பின்னர் வளர்ந்து, சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் தொடக்ககால ஆராய்ச்சிகளுக்குத் தலைமை தாங்கினார்.

முதல் ஆராய்ச்சியில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினருக்கு வீட்டிலும் ஒரே மருந்துகள் ஓராண்டு அளிக்கப்பட்டன. நெருக்கமான வீடு, குறைந்த ஊட்டம், உழைப்பு ஆகியவற்றுக்கிடையே வாழ்ந்தும், வீட்டிற் சிகிச்சை பெற்றோர் சானடோரியத்தாரோடு ஒப்பிடத்தக்க அளவுக்குக் குணமடைந்தனர். 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது.

இவ்வெற்றியே ஒரு புதிய வினாவையும் எழுப்பிற்று. சானடோரியத்தில் மருந்தை உண்பிக்கத் தாதியர் இருந்தனர். வீட்டில் நோயாளியே அதனை உண்ணவேண்டும். அவர் உண்கின்றாரா என்பதை அறிவது எவ்வாறு? சென்னை நிலையத்தார் இதனை வாய்மொழியால் அறிய முற்படவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சுவட்டைத் தேடினர். ஒழுங்காக உண்பதாகக் கூறியவருள்ளும் சிலர் உண்ணாதிருந்தது இவ்வாறு வெளிப்பட்டது. எவர் தவறுவார், எவர் தவறார் என்று முகத்தைக் கண்டோ படிப்பைக் கொண்டோ முன்கூட்டி உரைக்க முடியாது என்பதும் காசநோய் மருத்துவத்தில் நிலைபெற்ற உண்மையாயிற்று.

அவர்கள் நோயாளியைக் குறை கூறுவதோடு நிற்காமல் சிகிச்சை முறையை மாற்றியமைத்தனர் என்பதே இங்குக் கற்கவேண்டிய பாடம். அக்காலத்தில் நாள்தோறும் பெருமளவில் உண்ணவேண்டியிருந்த பாஸ் என்னும் மருந்து, உண்பதற்குக் கடினமானது, வயிற்றைப் புரட்டுவது. அதற்கு மாற்றாக, வாரம் இருமுறை நிலையத்திற்கு வந்து, பணியாளர் முன்னிலையில் ஸ்டிரெப்டோமைசின் ஊசியும் மிகுந்த அளவு ஐசோனியசிட் மாத்திரையும் பெறும் முறை சோதிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, நோயாளிகள் தாமே நாள்தோறும் உண்டதற்கு இம்முறை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று பின்னர் உலகெங்கும் பரவிய முறைக்கு இது முன்னோடியாயிற்று.

தும்கூரில் கண்ட உண்மை

பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் சமூகவியலாராகிய டாக்டர் தேபபார் பானர்ஜியும், ஆண்டர்சன் என்பாரும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 1963ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிராமத்தார் அறியாமையால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. ஆய்வோ வேறு விதமாகக் காட்டியது. காசநோயாளருள் மிகப் பெரும்பாலோர் தம் உடலிலுள்ள நோய்க்குறிகளை உணர்ந்தேயிருந்தனர். பலர் அதுபற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் ஏதேனுமொரு மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றும் இருந்தனர். அங்கே அவர்களுட் பலருக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து மட்டுமே. சளிப் பரிசோதனை நிகழவில்லை.

இம்மக்கள் எண்ணியதைச் செய்தனர். கூலியை இழந்து நடந்தும் வந்தனர். இடைவெளி அவர்களிடத்தில் இருக்கவில்லை, நிலையத்தில் இருந்தது. எனவே, காசநோய்க்கென்று தனி அறிவுரைப் படையை அனுப்புவதைவிட, இருமலோடு வருபவரின் சளியை அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்திலேயே சோதித்து அங்கேயே மருந்து வழங்குவதே முறை என்று கொள்ளப்பட்டது. 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மாவட்டக் காசநோய்த் திட்டம் இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

பணியாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. மக்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்குமுன், செய்யவந்தவருக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

எண்ணத்திற்கு இடமும் வேளையும் குறித்தல்

நிலையத்தின் குறை நீங்கியபின்னும், பங்காருபேட்டை நோயாளியிடத்துக் கண்டது போன்ற இடைவெளி எஞ்சுகின்றது. இதனைப் பற்றி உளவியலார் கண்டறிந்த செய்திகள் பயனுள்ளவை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் லெவெந்தாலும் அவருடைய துணைவரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. டெட்டனஸ் தடுப்பூசியின் அவசியத்தை விளக்கும் வெளியீடுகள் மாணவர்க்கு அளிக்கப்பட்டன. சிலவற்றில் அச்சமூட்டும் விவரங்கள் மிகுந்திருந்தன, சிலவற்றில் குறைந்திருந்தன. அச்சம் மிகுந்தவற்றைப் படித்தோரிடம் ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணம் வலுப்பட்டது. ஆயினும், அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு மூவர் அளவிலேயே சென்று ஊசி போட்டுக்கொண்டனர். மற்றொரு பகுதியினருக்கு, சுகாதார நிலையம் எங்குள்ளது என்று காட்டும் படம் ஒன்று கொடுத்து, தம் வார அலுவல்களுக்கிடையே எப்பொழுது எவ்வழியாகச் செல்லலாம் என்று பார்த்துக்கொள்ளுமாறு கூறப்பட்டது. அவர்களுள் நூற்றுக்கு 28 பேர் அளவில் ஊசி போட்டுக்கொண்டனர். நிலையம் இருக்குமிடத்தை மாணவர் முன்பே அறிந்தவர்தாம். தெரிந்த இடத்தை ஒரு நாளோடும் ஒரு வழியோடும் பிணைத்தமையே வேறுபாட்டை விளைவித்தது.

ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் இதனை மேலும் ஆராய்ந்தார். நான் இதைச் செய்வேன் என்பது குறிக்கோள். இன்னது நேர்ந்தவுடன், இன்ன இடத்தில், இதைச் செய்வேன் என்பது செயல் ஏற்பாடு. இரண்டாவது வகையில் எண்ணியவருக்கு, அந்த நேரமோ இடமோ எதிர்ப்பட்டதும் செயல் தானே நினைவுக்கு வருகின்றது; செய்யலாமா, பிறகு பார்க்கலாமா என்று ஒவ்வொரு நாளும் ஆராயவேண்டிய நிலை ஏற்படுவதில்லை. கோல்விட்சரும் ஷீரனும் 2006ஆம் ஆண்டில் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்து நோக்கி, செயல் ஏற்பாடு குறிப்பிடத்தக்க பயன் தருவதை எடுத்துக்காட்டினர்.

ஆனால் இதனை எல்லாம் வல்ல மந்திரமாகக் கொள்ளுதல் தவறு. அமெரிக்காவில் ஒரு தொழில் நிறுவனத்தின் ஊழியரிடையே நடைபெற்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இன்புளுயன்சா தடுப்பூசிக்குச் செல்லும் நாளையும் வேளையையும் எழுதி வைக்குமாறு தூண்டப்பட்டோர், மற்றவரினும் நூற்றுக்கு நால்வர் அளவிலேயே கூடுதலாக ஊசி போட்டுக்கொண்டனர். செலவு ஒரு வரி எழுத்தே ஆதலின் இதுவும் இலாபமே. ஆயினும் மருந்து இருப்பில் இல்லாதபோதும், நிலையம் பூட்டியிருக்கும்போதும் எந்த ஏற்பாடும் பயன்படாது.

வழியைச் சுருக்குதல்

இராசத்தானத்து உதயப்பூர் மாவட்டத்தில் நடைபெற்று 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்குகின்றது. 134 கிராமங்கள் இதில் இடம்பெற்றன. வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த கிராமங்களில் குறிப்பிட்ட வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு 6 பேருக்கே எல்லாத் தடுப்பூசிகளும் முற்றுப்பெற்றிருந்தன. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் இது 18 ஆயிற்று. முகாமோடு, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிலோ பருப்பும், முற்றுப்பெற்றதும் உலோகத் தட்டுகளும் வழங்கப்பட்ட கிராமங்களில் 39 ஆயிற்று. தம் குழந்தை நோயுற வேண்டும் என்று எந்தத் தாயும் எண்ணியதில்லை. சொன்ன நாளில் ஊசி போடுபவர் வருவார் என்ற உறுதியும், இன்றே போவதற்கு ஒரு சிறு காரணமும் கிடைத்தபோது, முன்பிருந்த எண்ணமே செயலாயிற்று.

காசநோய்த் துறையிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. நேரடிக் கண்காணிப்பை அடிப்படையாகக் கொண்ட திருத்திய தேசியத் திட்டம் 1997ஆம் ஆண்டு முதல் விரிவாக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் எட்டியது. ஆனால் கண்காணிப்பு என்ற பெயரால் நோயாளியை நெடுந்தொலைவு நடக்கவைத்தால் நோக்கமே கெட்டுவிடும். 2001ஆம் ஆண்டில் வெளியான பாகிஸ்தான் ஆய்வொன்றில், பணியாளர் முன்னிலையில் மருந்துண்டோர்க்கும் தாமே உண்டோர்க்கும் இடையே குணமடைவதிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கண் முன் விழுங்கச் செய்வதைவிட, நோயாளிக்கு எளிதில் எட்டும் வகையில் சிகிச்சையை அமைப்பதும் அவரோடு நல்லுறவு கொள்வதும் முதன்மையானவை என்பதை இது உணர்த்துகின்றது.

2017ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நாள்தோறும் உண்ணும் கூட்டு மாத்திரை முறை நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நோயாளியின் ஊட்டத்திற்கென மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாத்திரையை எடுத்ததும் உறையில் வெளிப்படும் எண்ணுக்குத் தொலைபேசியில் கட்டணமின்றி அழைத்துத் தெரிவிக்கும் முறையும் சில இடங்களிற் பயன்படுத்தப்பட்டது. ஆயினும் அழைப்பு வந்ததனாலேயே மாத்திரை உண்ணப்பட்டது என்றோ, வராமையாலேயே உண்ணப்படவில்லை என்றோ துணிய முடிவதில்லை. கருவி உதவலாம், கேட்டறியும் பணியாளரின் இடத்தை அது நிரப்பாது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

மீண்டும் பங்காருபேட்டை நோயாளியிடம் வருவோம். இரண்டு வாரம் மருந்தை விட்ட அவரை ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டிற் காண்கின்றார். “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அண்ணா?” என்று கேட்டால், “சாப்பிடுகிறேன், அம்மா” என்பதே விடையாக வரும். இவ்வினாவிற்கு வேறு விடை கூறுவது எவருக்கும் எளிதன்று. இதற்கு மாறாக, “வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில நாள் விட்டுப்போவது உண்டு, அண்ணா. போன வாரத்தில் எந்தெந்த நாள் விட்டுப்போயிற்று? சொன்னால் அதற்கு ஒரு வழி பார்க்கலாம்” என்று கேட்டால், உண்மை வெளிவர இடமுண்டாகின்றது. விடிகாலை ரயிலும், குமட்டலும், உடன் வேலை செய்வோரிடம் கொண்ட கூச்சமும், ஆம்பூர்த் திருமணமும் இவ்வினாவிற்குப் பின்னரே தெரியவரும்.

இந்நோயாளி இரண்டு வாரம் விட்டவர் ஆதலின், தாமாக மீண்டும் தொடங்காமல் உடனே மருத்துவரைக் காணவேண்டும். பணியாளர் அவரோடு உடன் சென்றால் வெட்கத்தின் பாதி அங்கேயே தீரும். அதன்பின் பின்வரும் முறையைக் கையாளலாம்.

1. இடைவெளியின் வகையை அறிதல். விஷயம் தெரியாமையா, மறதியா, துன்பம் நீங்கியதால் வந்த அயர்ச்சியா, கூச்சமா, வழியோ பொருளோ இல்லாமையா என்று முதலிற் பிரித்தறிய வேண்டும். தெரியாமைக்கு மட்டுமே அறிவுரை மருந்து.

2. தடையை நீக்குதல். குமட்டலுக்கு மருத்துவரின் யோசனையைப் பெறவேண்டும். மருந்துண்ணும் வேளையை மாற்றலாமா என்றும் அவரிடமே கேட்கவேண்டும். ரயிலிற் செல்வோருக்கு ஆஸ்பத்திரி திறந்திருக்கும் வேளை ஒவ்வாது. எனவே மாத்திரையை வீட்டுக்கருகே பெற வழியுண்டா என்று பார்த்தல் நலம்.

3. பழைய வழக்கத்தோடு பிணைத்தல். எந்நாளும் தவறாத ஒரு செயலை நோயாளியே தேர்ந்துகொள்ளட்டும். மருத்துவர் இரவு வேளைக்கு இசைந்தால், “இரவு வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும், மாடத்திலுள்ள டப்பாவைத் திறந்து மாத்திரையை விழுங்குவேன்” என்று அவர் தம் வாயாலேயே கூறவேண்டும். பணியாளர் கூறி அவர் தலையசைப்பதால் பயனில்லை.

4. வழக்கம் மாறும் நாளுக்கு முன்னேற்பாடு. ஞாயிறு, பண்டிகை, வெளியூர்ப் பயணம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் தவறுகின்றது. “பயணப் பையில் மாத்திரையை வைத்தபின்னரே துணியை வைப்பேன்” என்பது போன்ற ஏற்பாடு இதற்கு உதவும்.

5. தவறிய பின் திரும்பும் வழி. ஒருநாள் விட்டுப்போனால், மறுநாள் இரட்டிப்பாக உண்ணாமல், வழக்கமான அளவையே உண்டு பணியாளரிடம் தெரிவிக்கவேண்டும் என்பதை முதல் நாளே கூறிவிட வேண்டும். திரும்பி வருபவரை எவரும் பலர் முன்னிலையிற் கடிந்துகொள்ளலாகாது. ஒருமுறை நாணமுற்றவர் மறுமுறை வாரார்.

6. துணைவர் ஒருவரை ஏற்படுத்துதல். மனைவியோ, மகளோ, அயலாரோ, நோயாளி விரும்பும் ஒருவர் இருத்தல் நன்று. மருந்து என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என்னும் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுத்தார். நான்காமவர் இன்றி முதல் மூவர் மட்டும் போதார் என்பதை இந்நோய் நன்கு மெய்ப்பிக்கின்றது.

பணியாளர் தம்மையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று கூறிச் சென்று, வாராதுபோன நாட்கள் அவருக்கும் உண்டு. அவர் எண்ணமும் மெய்யானதே. எந்த நாள், எந்தத் தெரு, யார் வீடு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் அவ்வாக்கும் நிறைவேறும்.

பள்ளியில் ஒரு பாடம்

உயர் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் இக்கருத்தைச் செய்முறையாகவே கற்பிக்கலாம். மதிய உணவுக்குமுன் சோப்பினாற் கைகழுவுவது எடுத்துக்காட்டு.

முதல் நாள், சோப்பினாற் கைகழுவுவது நல்லதென்று கருதுவோர் கையுயர்த்துமாறு கூறுக. ஏறக்குறைய எல்லோரும் உயர்த்துவர். அத்தொகையைக் கரும்பலகையில் எழுதுக. அடுத்த மூன்று நாட்கள், மாணவர் இருவர், பெயர் எதனையும் குறியாமல், மெய்யாகவே சோப்புப் பயன்படுத்தியோர் தொகையை மட்டும் எண்ணிவரட்டும். இரண்டு தொகைகளையும் அருகருகே எழுதி, வேறுபாடு ஏன் என்று வகுப்பையே கேட்கவேண்டும். சோப்பு அலுவலக அறையில் இருக்கின்றது, குழாயில் நெரிசல், மணியடித்ததும் பசி என்பன போன்ற விடைகள் வரும். தாம் சோம்பேறிகள் என்று எவரேனும் கூறினால், ஆசிரியர் அதனை ஏற்காது வேறு காரணத்தைத் தேடச் செய்தல் வேண்டும்.

பின்னர் வகுப்பே இரண்டு மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். சோப்பைக் குழாயருகே வலைப்பையிற் கட்டித் தொங்கவிடுவது ஒன்றாகலாம். மணியடித்ததும் தட்டெடுக்குமுன் வரிசையாகக் குழாய்க்குச் செல்வது மற்றொன்றாகலாம். மீண்டும் மூன்று நாட்கள் எண்ணி, முன்னைய தொகையோடு ஒப்பிடுக. தொகை உயராவிடினும் பாடம் வீணன்று. தேர்ந்த மாற்றம் உரிய தடையை நீக்கவில்லை என்பதே அப்போது கற்றதாகும். பள்ளிகளில் இரும்புச்சத்து மாத்திரையை வாரத்தில் குறித்த ஒரு நாளில் மதிய உணவுக்குப்பின் வழங்குவதும் இத்தத்துவத்தைச் சார்ந்ததே என்பதை இறுதியில் எடுத்துக்காட்டலாம்.

முடிவுரை

வள்ளுவர் செயலிற் கொள்ளவேண்டிய உறுதியை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திற் கூறியபின், அடுத்தபடியாகவே வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தை அமைத்தார். உறுதியொடு செய்யும் வகையும் வேண்டும் என்பது அவ்வமைப்பிலிருந்து கொள்ளத்தக்க கருத்து. பொதுமக்களிடம் உறுதியை எதிர்பார்க்கும் பணியாளர், வகையைத் தாம் அமைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பங்காருபேட்டையில் இரவு ரயிலிலிருந்து இறங்கி வீடு சேர்பவருக்கு மாடத்தில் மாத்திரை டப்பா கண்ணிற் படுமாயின், அன்றைய சிகிச்சை நிறைவேறும். அவ்வாறு ஏறத்தாழ 180 இரவுகள் கழிந்தால் அவர் நலமடைவார். அவர் குழந்தைகளும் காக்கப்படுவர்.

பயிற்சி வினாக்கள்

1. உடலின் துன்பம் நீங்கும் காலமும் நோய் நீங்கும் காலமும் வேறுபடுவதால் சிகிச்சையில் விளையும் இடர் யாது?

2. தும்கூர் ஆய்வில் இடைவெளி எங்கே காணப்பட்டது? நும் பகுதி நிலையத்தில் அத்தகைய குறை உண்டா என்று ஆராய்க.

3. அச்சமூட்டும் அறிவுரை எண்ணத்தை வலுப்படுத்தியும் செயலை விளைவிக்காமைக்குக் காரணம் கூறுக.

4. நும் பொறுப்பிலுள்ள நோயாளி ஒருவரோடு உரையாடி, அவர் வாய்மொழியாகவே ஒரு செயல் ஏற்பாட்டையும், பயண நாளுக்குரிய முன்னேற்பாட்டையும் எழுதுக.

5. நீவிர் செய்ய எண்ணி மூன்று மாதங்களாகச் செய்யாதிருக்கும் பணி ஒன்றைக் குறித்து, அதற்குரிய நாள், வேளை, இடம் ஆகியவற்றை எழுதுக.